உணவுப் பழக்கம், உணவுப் பாதுகாப்பு ஆய்வுகள்: எந்த அளவீட்டு முறையைத் தேர்வது?

"உணவுப் பழக்கமும் உணவுப் பாதுகாப்பு நடைமுறையும்" என்று தலைப்பு வைத்து ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்கள் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எதைக்கொண்டு அளப்பது? நேற்று சாப்பிட்டதைக் கேட்பதா, மாதக்கணக்கில் எத்தனை முறை என்று கேட்பதா, எழுதி வைக்கச் சொல்வதா, சிறுநீரைச் சோதிப்பதா? பாதுகாப்புக்குக் கேள்வித்தாள் போதுமா, சமையலறைக்குள் போய்ப் பார்க்க வேண்டுமா, ஸ்வாப் (பலகை, கை போன்றவற்றைப் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரி) எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா? "இதில் எது நல்ல முறை?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆய்வு முடிந்ததும் என்ன அட்டவணை போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பதில் அநேகமாக அதிலேயே இருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பில் இருப்பவை இரண்டு விஷயங்கள், இரண்டும் இரண்டு விதமாகக் கெடுகின்றன. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மறதி குறுக்கே வருகிறது. போதாததற்கு நேற்றைய தட்டும் இன்றைய தட்டும் ஒன்றாக இருப்பதில்லை. சுத்தத்தைப் பற்றிக் கேட்டால் குறுக்கே வருவது மானம். "சமைப்பதற்கு முன் கை கழுவுவீர்களா?" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் யார் இல்லை என்பார்? ஆகவே இரண்டையும் ஒரே கேள்வித்தாளில் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, "நன்று, சுமார், மோசம்" என்று மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மற்ற எல்லா முறைகளுக்கும் அதனதன் இடம் உண்டு.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உங்களுக்கு எந்த மட்டத்தில் பதில் வேண்டும் என்பது. ஒரு குழுவின் சராசரி வேண்டுமா? குழுவில் எத்தனை சதவீதம் பேருக்கு ஒரு சத்து போதவில்லை என்று வேண்டுமா? யார் அதிகம், யார் குறைவு என்ற வரிசை போதுமா? ஒவ்வொரு தனி ஆளின் உண்மையான அளவும் தேவையா? இந்த நான்கும் கேட்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் முதல் கேள்விக்கு ஒரு நாள் தகவல் போதும். நான்காவது கேள்விக்குச் சில சத்துகளில் ஒரு வருடத் தகவலும் போதாது.

இரண்டாவது, எந்த வகைப் பிழை உங்களைக் கவிழ்க்கும் என்பது. நாளுக்கு நாள் மாறுவதால் வரும் பிழையை ஆட்களையோ நாட்களையோ கூட்டிச் சமாளிக்கலாம். எல்லோரும் ஒரே பக்கமாகக் குறைத்தோ கூட்டியோ சொல்வதால் வரும் பிழை, மாதிரி அளவை ஆயிரம் ஆக்கினாலும் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, பங்கேற்பவர் தோளில் எவ்வளவு சுமை. நான்காவது, உங்கள் தோளில் எவ்வளவு சுமை. தரவு சேகரிக்கும் நாட்களைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் குறியீட்டு வேலை (சொன்ன பதில்களைக் கணக்கிடத் தகுந்த எண்களாக மாற்றுவது), உணவுச் சத்து அட்டவணை தேடல், ஆய்வகக் கட்டணம் ஆகியவை திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. ஆய்வுகள் இழுத்தடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

## 24 மணிநேர நினைவுகூரல்

நேற்று விழித்ததிலிருந்து இன்று விழிக்கும்வரை சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் கேட்டு எழுதுவது. கேட்கச் சுலபமாக இருக்கும், செய்வது சுலபமில்லை. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தினால் மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் கிடைக்கும். அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய பல்சுற்று முறை இதற்காகவே ஒரே நாளை ஐந்து சுற்றாகக் கேட்கிறது. முதலில் வேகமாக ஒரு பட்டியல், அடுத்து வழக்கமாக மறந்துபோகும் பொருட்கள், பிறகு நேரமும் வேளையும், பிறகு ஒவ்வொன்றின் விவரமும் அளவும், கடைசியாக ஒருமுறை மீள்பார்வை.

இரண்டாவது சுற்றில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் பட்டியலில் ஏழு பொருட்கள் சொன்னவரிடம் "இடையில் தேநீர், பழச்சாறு ஏதாவது? இனிப்பு? கொறிக்க ஏதாவது?" என்று கேட்டதும் இரண்டு தேநீர் வெளியே வரும். "சர்க்கரை போட்டா?" என்றால் இரண்டு கரண்டி. "குழந்தை மிச்சம் வைத்ததை நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றால் சிரிப்பு, அப்புறம் அரை முட்டை. இந்தச் சுற்றை விட்டுவிட்டால் நீங்கள் அளப்பது நேற்றைய உணவின் சுருக்கத்தைத்தான்.

குழுவின் சராசரிக்கு இது நல்ல தேர்வு. வாரத்தின் எல்லா நாட்களும் ஏறக்குறைய சமமாக வரும்படி நேர்காணலைப் பரப்பினால் ஆளுக்கு ஒரு நாளே போதும். போதாமைச் சதவீதத்துக்குப் போதாது. ஒரு நாள் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் பரவல் உண்மையைவிட அகலமாகத் தெரியும், நேற்று தற்செயலாகக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் எல்லாம் குறைபாடு உள்ளவர்கள் கணக்கில் சேருவார்கள். இதைத் திருத்த, மாதிரியில் ஒரு பகுதியினரிடமாவது அடுத்தடுத்து வராத இன்னொரு நாளிலும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு இரண்டு நாள் கேட்பது இதனால்தான்.

தனி ஆளின் வழக்கமான அளவு வேண்டும் என்றால் எத்தனை நாள் தேவை? 29 பேர் ஒரு முழு வருடம் தினமும் எழுதிய பதிவுகளை வைத்து 1987இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. கலோரிக்குச் சராசரியாக 31 நாட்கள். வைட்டமின் ஏ-வுக்கு 433 நாட்கள். வருடத்தில் அத்தனை நாளே இல்லை. "ஒரு நாள் நினைவுகூரலில் வைட்டமின் ஏ குறைவாக உள்ள பங்கேற்பாளர்களைக் கண்டறிந்தோம்" என்று எழுதுவதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு குறியீட்டில் இருக்கிறது. "ஒரு கிண்ணம் குழம்பு" என்று எழுதி வந்ததை எண்ணெய், காய், உப்பு என்று பிரித்து, பச்சை எடையா சமைத்த எடையா என்று பார்த்து, சத்து அட்டவணையில் பொருத்த வேண்டும். பச்சை எடைக்கான மதிப்பைச் சமைத்த எடைக்குப் போட்டால் தானியங்களில் கணக்கு இரண்டு மடங்குக்கு மேலேயே தவறும். நேர்காணல் முக்கால் மணிநேரம் என்றால் அதற்குப் பின்னால் வரும் மேசை வேலையும் குறைந்தது அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

## உணவு அதிர்வெண் வினாப்பட்டியல்

ஒரு பொருட்பட்டியலைக் கொடுத்து, கடந்த மாதம் அல்லது வருடத்தில் எவ்வளவு அடிக்கடி சாப்பிட்டீர்கள் என்று கேட்பது. நோயோடு உணவைத் தொடர்புபடுத்தும் பெரிய ஆய்வுகளின் முதுகெலும்பு இதுதான். 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 1,21,700 பேரைப் பின்தொடர்ந்தது; அத்தனை பேரிடமும் நாள்நாளாக உட்கார்ந்து கேட்க முடியுமா? 1980இல் 61 பொருட்கள் கொண்ட பட்டியலைத் தபாலில் அனுப்பினார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலோடு வந்த இன்னொரு வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. 173 செவிலியர்கள் நான்கு தனித்தனி வாரங்களில் சாப்பிட்டதை எடை போட்டு எழுதினார்கள்; பட்டியல் சொன்னதும் எடை சொன்னதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1985இல் வெளியிட்டார்கள். அந்தச் சரிபார்ப்புதான் பட்டியலுக்கு உயிர் கொடுத்தது. வேறொரு மக்களுக்காகச் செய்த பட்டியலை மொழிபெயர்த்து, "சரிபார்க்கப்பட்ட கருவி" என்று எழுதிவிட்டுப் போவது செல்லாது. ஒரு சமூகத்தில் இரும்புச் சத்து எந்த உணவிலிருந்து வருகிறதோ, இன்னொரு சமூகத்தின் பட்டியலில் அந்த உணவே இருக்காது. புதிதாகச் சரிபார்ப்பது என்றால் நூறு இருநூறு பேரிடம் பல நாள் பதிவு வாங்கும் தனி ஆய்வு. இந்த முறையின் மறைந்த செலவு இதுதான், கொஞ்சம் பெரிய செலவு.

அளவைப் பொறுத்தவரை இதை நம்ப வேண்டாம். 1999-2000இல் 484 பேரிடம் நடந்த 'ஓப்பன்' ஆய்வு, பங்கேற்பாளர்கள் சொன்ன கலோரியை உடல் உண்மையில் செலவழித்த கலோரியோடு ஒப்பிட்டது. நினைவுகூரலில் ஆண்கள் 12 முதல் 14 சதவீதம், பெண்கள் 16 முதல் 20 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். வினாப்பட்டியலில் அதுவே ஆண்களிடம் 31 முதல் 36, பெண்களிடம் 34 முதல் 38 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும் கருவியை வைத்து "சராசரி கலோரி இவ்வளவு" என்று எழுதக் கூடாது. வரிசைப்படுத்தலாம், மொத்தக் கலோரிக்கு ஏற்பச் சரிசெய்து நோயோடு தொடர்பு பார்க்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. சரிபார்ப்பில் பட்டியலுக்கும் உண்மைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுக்க ஒத்துப்போகிறது) 0.5 என்று வந்தால், அதே தொடர்பைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். மாதிரி அளவுச் சூத்திரத்தில் இதைச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. முன்னூறு பேரோடு முடியும் ஒரு முதுநிலை ஆய்வுக்கு இந்த முறை எப்படிப் பொருந்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

## எடை போட்டு எழுதும் நாட்குறிப்பு

சாப்பிடும்போதே எழுதுவதால் மறதிக்கு இடமில்லை. ஆனால் எழுத வேண்டும் என்பதாலேயே சாப்பாடு மாறிவிடும். கலந்து சமைப்பதைத் தவிர்ப்பார்கள், கொறிப்பதை விட்டுவிடுவார்கள், சிலர் எடை குறைக்கும் ஆசையில் அந்த வாரம் மட்டும் ஒழுங்காக இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், மூன்று நான்கு நாட்களுக்கு மேல் போகாமல், ஒரு விடுமுறை நாளையும் சேர்த்து வாங்கினால் நல்ல தரவு கிடைக்கும். அதற்கு மேல் நீட்டினால் கடைசி நாட்களின் பக்கங்கள் மெலிந்துகொண்டே போகும். ஒரே பாத்திரத்திலிருந்து பலர் எடுத்துச் சாப்பிடும் வீடுகளில் தனி ஆளின் பங்கை எடை போட ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

இதை முதன்மைக் கருவியாக வைப்பதைவிட வேறொரு கருவியைச் சரிபார்க்கப் பயன்படுத்துவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

## உணவுப் பன்மைக் குறியீடு

கிராம் கணக்கே வேண்டாம். நேற்று எந்தெந்த உணவு வகைகள் வாயில் பட்டன என்று மட்டும் பார்ப்பது. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்த குறியீட்டில் பத்து வகைகள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நுண்சத்துகள் போதுமான அளவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு வகைகளில் ஐந்து. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 29 கேள்விகளில் ஐந்து நிமிடத்தில் முடியும் உணவுத்தர வினாத்தாளும் இருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு, அங்கங்கே உள்ள உணவுகளின் பெயரோடு தயாராகக் கிடைக்கிறது.

பணமும் ஆளும் இல்லாத ஆய்வுக்கு இதைவிட நாணயமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. மறைந்த செலவும் பெரிதாக இல்லை. ஒரு பொறி மட்டும் உண்டு: இது குழு மட்டத்துக்கான குறியீடு. "இந்தப் பெண்ணுக்கு நான்குதான் வந்திருக்கிறது, ஆகவே இவருக்குக் குறைபாடு" என்று ஒரு தனி ஆள்மீது முத்திரை குத்த முடியாது. குறியீட்டை இரும்புச் சத்தின் அளவாக மாற்றிச் சொல்லவும் முடியாது.

## உயிர்க்குறிகள்

சொல்வதை விட்டுவிட்டு உடலையே கேட்பது. கலோரிக்கு இரட்டைக் குறியிட்ட நீர் (அடையாளமிட்ட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள நீரைக் குடிக்கக் கொடுத்து, உடல் செலவழித்த கலோரியைக் கணிப்பது), புரதத்துக்குச் சிறுநீர் நைட்ரஜன், உப்புக்குச் சிறுநீர் சோடியம். இவை உட்கொண்ட அளவை நேரடியாகக் காட்டுபவை. ரத்தத்தில் பார்க்கும் கரோட்டினாய்டு, வைட்டமின் சி போன்றவை இந்த ரகத்தில் சேராது. புகைப்பழக்கம், உடல் எடை, தொற்று எல்லாமே அவற்றை ஆட்டிவைக்கும்.

உப்பைப் பற்றிய ஆய்வு என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, 24 மணிநேரச் சிறுநீர்தான். சமையலில் கையால் அள்ளிப் போட்ட உப்பை எந்தக் கேள்வியாலும் பிடிக்க முடியாது. உட்கொள்ளும் சோடியத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் அங்கே பிடித்துவிடலாம். 1988இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வு 52 மையங்களில் 10,079 பேரிடம் இதைத்தான் செய்தது. கிடைத்த சோடியம் கிராமை 2.54ஆல் பெருக்கினால் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்போடு நேரடியாக ஒப்பிடலாம்.

சேகரிப்புதான் பாடு. காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதன்பின் எல்லாவற்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, கேனில் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் கேனைப் பையில் மறைத்துத் தூக்கிக்கொண்டு போவார். மதியம் ஒருமுறை விட்டுப்போகும். வெட்கத்தில் அதைச் சொல்லவும் மாட்டார். முழுமையைச் சோதிக்க சிறுநீரிலேயே வெளியேறிவிடும் 'பாபா' (PABA) என்ற பொருளை மாத்திரையாகக் கொடுத்து, அதில் 85 சதவீதம் திரும்பி வந்ததா என்று பார்க்கும் முறை உண்டு. ஒருமுறைச் சிறுநீரை மட்டும் வைத்துச் சூத்திரத்தில் கணிப்பது குழுச் சராசரிக்குத் தோராயமாக உதவும், தனி ஆளுக்கு உதவாது.

## பாதுகாப்பு: அறிவு, மனப்பான்மை, நடைமுறைக் கேள்வித்தாள்

இங்கிருந்து பிழையின் குணமே மாறுகிறது. உணவால் வரும் நோய் சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணிப்பின்படி 2010ஆம் ஆண்டில் மட்டும் 60 கோடிப் பேர் நோயுற்றார்கள், 4,20,000 பேர் இறந்தார்கள். ஆனால் கேள்வித்தாளைத் திறந்தால் எல்லோரும் சுத்தமாக இருக்கிறார்கள். "பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியே சரியான பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

அறிவை அளக்க இது சரியான கருவி. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும், உள்வெப்பம் 70 டிகிரி தொட வேண்டும் என்பதெல்லாம் தெரியுமா, தெரியாதா என்று பார்க்கலாம். பயிற்சி நடத்தப் போகிறீர்கள், எங்கே ஓட்டை என்று தெரிய வேண்டும் என்றால் இதுவே போதும். நடைமுறைப் பகுதியை மட்டும் நம்பாதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் "வழக்கமாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "கடைசியாகக் கோழி நறுக்கினீர்களே, முடித்ததும் கத்தியை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வழக்கத்தைக் கேட்டால் கொள்கை வரும். கடைசி தடவையைக் கேட்டால் கொஞ்சமாவது நடந்தது வரும்.

க்ரோன்பாக் ஆல்பா 0.8க்கு மேல் வந்துவிட்டது என்று கொண்டாடுவதையும் பார்க்கிறேன். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான் அதன் பொருள். எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி பொய் சொன்னாலும் ஆல்பா அழகாகவே வரும்.

## நேரில் கவனித்தல்

2018இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஆய்வில், சோதனைச் சமையலறைகளில் ஆட்களைச் சமைக்க வைத்துக் கேமராவில் பதிவு செய்தார்கள். கை கழுவ வேண்டிய தருணங்களில் 97 சதவீதம் வரை சரியாகக் கழுவப்படவில்லை. இறைச்சியில் முன்பே சேர்த்திருந்த தீங்கற்ற ஒரு வைரஸ் பிறகு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடியபோது, ஏறக்குறைய பாதிச் சமையலில் மசாலா டப்பாக்களின் மேல் இருந்தது. எந்தக் கேள்வித்தாளில் "இறைச்சி பிசைந்த கையோடு மசாலா டப்பாவைத் தொட்டீர்களா?" என்று இருக்கிறது? அந்தக் கை டப்பாவைத் தேடிப் போவது சமைப்பவருக்கே தெரியாது. கவனித்தல் தருவது இந்த வகைத் தகவலைத்தான்.

ஆள் பார்க்கிறார் என்றதும் நடத்தை மாறத்தான் செய்யும். ஆனால் அப்படி மாறியும் இவ்வளவு தவறு தெரிகிறது என்றால், கிடைப்பது குறைந்தபட்ச மதிப்பீடு. அந்த வகையில் பிழையின் திசையாவது தெரியும். முதல் வருகையின் தரவைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு வழி. "கை கழுவினார்" என்பதற்கு வரையறை தேவை: தண்ணீர் பட்டாலே போதுமா, சோப்பு வேண்டுமா, எத்தனை விநாடி? இரண்டு கவனிப்பாளர்கள் ஒரே சமையலைத் தனித்தனியாகக் குறித்து, கப்பா மதிப்பு (இருவர் குறிப்பும் தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) பார்க்காமல் களத்தில் இறங்க வேண்டாம்.

செலவு நேரம்தான். ஒரு சமையலுக்கு இரண்டு மணிநேரம், நாளுக்கு இரண்டு வீடு. அவ்வளவு முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, தடயம் பார்த்தல். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா, குளிர்சாதனப் பெட்டியில் பச்சை இறைச்சி எந்தத் தட்டில் இருக்கிறது, உள்ளே வைத்த வெப்பமானி என்ன காட்டுகிறது. பத்து நிமிடத்தில் முடியும், பொய் சொல்லவும் வழியில்லை.

## ஸ்வாப், ஆய்வகம்

கேட்க அறிவியலாக இருப்பதால் பலருக்கும் இதன்மேல் ஆசை. ஆனால் நோய்க்கிருமியையே தேடப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவீர்கள். நூற்றில் ஒரு மாதிரியில் சால்மொனெல்லா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையாவது பிடிக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டும் என்றால் 299 மாதிரிகள் எடுக்க வேண்டும். முப்பது மாதிரி எடுத்து, ஒன்றிலும் இல்லை என்று எழுதி, "உணவு பாதுகாப்பானது" என்று முடிக்கும் அறிக்கைக்கு மதிப்பில்லை. முப்பதில் எதுவும் வராமல் போக அங்கே 74 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

கிருமியைத் தேடுவதற்குப் பதிலாகச் சுட்டிகளை எண்ணுங்கள். மொத்த பாக்டீரியா எண்ணிக்கை, ஈ. கோலை போன்றவை சுத்தத்தின் அளவைக் காட்டும்; பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட நன்றாக உதவும். சில விநாடிகளில் எண் காட்டும் ஏ.டி.பி கருவி மேற்பரப்பில் உயிர்ப்பொருள் எச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அது கிருமியா, துடைக்காத சாப்பாட்டுத் துணுக்கா என்று சொல்லாது. மாதிரியைக் குளிர்நிலையில் கொண்டுபோய் 24 மணிநேரத்துக்குள் சோதனைக்குக் கொடுப்பது, கிருமி வளர்க்கும் ஊடகம், அதைச் சூட்டில் வைக்கும் அடைகாப்பு, திரும்பச் செய்தல் எல்லாம் சேர்த்து ஆய்வகத்திடம் முன்பே விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | எங்கே ஜெயிக்கும் | மறைந்த செலவு | எங்கே வேண்டாம் |
|---|---|---|---|
| 24 மணிநேர நினைவுகூரல் | குழுச் சராசரி. இரண்டாம் நாள் சேர்த்தால் போதாமைச் சதவீதம் | குறியீட்டு வேலை | தனி ஆளின் வழக்கமான அளவு |
| வினாப்பட்டியல் | பெரிய மாதிரியில் உணவு-நோய்த் தொடர்பு | சரிபார்ப்பு ஆய்வு, பெருகும் மாதிரி அளவு | கலோரி, கிராம் கணக்கு |
| நாட்குறிப்பு | வேறு கருவியைச் சரிபார்த்தல் | பங்கேற்பவர் சோர்வு | எழுத்தறிவு குறைந்த இடம் |
| பன்மைக் குறியீடு | சிறிய, வேகமான ஆய்வு | அநேகமாக இல்லை | சத்தின் அளவு, தனி ஆள் முடிவு |
| உயிர்க்குறி | உப்பு, புரதம், கலோரி | விட்டுப்போன சேகரிப்பு, ஆய்வகம் | முழு உணவுமுறையின் படம் |
| கேள்வித்தாள் | அறிவு | மானத்தால் வரும் பொய் | நடைமுறை |
| கவனித்தல் | நடைமுறை | நேரம், கவனிப்பாளர் பயிற்சி | பெரிய மாதிரி |
| ஸ்வாப் | முன்-பின் ஒப்பீடு | மாதிரி எண்ணிக்கை, குளிர்ப் போக்குவரத்து | அரிய கிருமியைத் தேடுதல் |

## உங்கள் நிலைமை எது?

ஒரே ஆள், சில மாதங்கள், நிதி இல்லை: பன்மைக் குறியீடும் தடயம் பார்த்தலும். இரண்டையும் ஒரே வருகையில் அரை மணிநேரத்துக்குள் முடிக்கலாம். ஆய்வு சின்னது என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தரவு இருக்கும்.

உணவு விடுதிச் சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பலன் பார்க்கிறீர்கள்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் கவனித்தல், கூடவே மேற்பரப்புச் சுட்டி எண்ணிக்கை. கேள்வித்தாளை மட்டும் வைத்தால் பயிற்சியில் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்வதைத்தான் அளப்பீர்கள்.

ஒரு விருந்துக்குப் பின் நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு: மேலே சொன்ன எதுவும் வேண்டாம். நோயுற்றவர்களிடமும் நோயுறாதவர்களிடமும் அங்கே பரிமாறிய ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எவ்வளவு பின்னோக்கிக் கேட்பது என்பதை அறிகுறி முடிவு செய்யும். வாந்தி சில மணிநேரத்தில் வந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு போன்றவற்றைச் சந்தேகித்து 1 முதல் 6 மணிநேரம், சால்மொனெல்லா என்றால் மூன்று நாள் வரை, கல்லீரல் அழற்சி ஏ என்றால் 15 முதல் 50 நாட்கள்.

இரண்டு விஷயத்தையும் ஒரே ஆய்வில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், தனித்தனியாக அளந்து பிறகு குறுக்காக வையுங்கள். சமைக்காத கீரையும் பழமும் அதிகம் சாப்பிடுபவருக்குப் பன்மைக் குறியீடு உயரும். அதே கீரையைக் கழுவிய தண்ணீர் மோசமாக இருந்தால் கிருமிக்கான வாய்ப்பும் அவருக்கே அதிகம். இரண்டையும் கூட்டி ஒரு மதிப்பெண் ஆக்கினால் இந்த ஆள் "சுமார்" பிரிவில் போய் ஒளிந்துகொள்வார். குறுக்கு அட்டவணை போட்டால், நல்ல உணவு, மோசமான கையாளல் என்ற கட்டத்தில் தெளிவாகத் தெரிவார். ஆய்வில் மிகவும் பயனுள்ள கட்டம் அநேகமாக அதுதான்.

எந்த முறையை எடுத்தாலும் நெறிமுறைக் குழு கேட்கும் முன்பே ஒன்றை எழுதி வையுங்கள். கவனிக்கப் போன சமையலறையில் குழந்தைக்குக் கெட்டுப்போன உணவைக் கொடுக்கப் போகிறார்கள், அல்லது ஸ்வாபில் சால்மொனெல்லா வந்துவிட்டது. யாரிடம் சொல்வீர்கள், எத்தனை மணிநேரத்துக்குள், விடுதி உரிமையாளரிடமா சுகாதார அதிகாரியிடமா, வேலை செய்பவரின் பெயர் அதில் வருமா வராதா? ஒப்புதல் படிவத்தில் இந்தப் பதில் இருந்தால்தான் கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்து போடுகிறார்.